அட்டவணையில் 86, ஷெட்டுக்குள் 53: டேனரி மோட்டாருக்குக் கேபிளும் ரிலேயும் தேர்ந்தெடுப்பது எப்படி?

"50 ஹெச்பி மோட்டாருக்கு என்ன சைஸ் கேபிள் போடலாம்?"

வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் நம்மில் பாதிப் பேர் மனசில் இருக்கும் ஒரு நம்பரைச் சொல்லிவிடுவோம். மீதிப் பேர் "அட்டவணை பார்த்துச் சொல்றேன் சார்" என்போம். இரண்டுமே அரைப் பதில்தான். முழுப் பதில் சொல்ல நினைப்பவர் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்: "மோட்டார் எந்த இடத்துல இருக்கு, கேபிள் எந்த வழியா போகுது சார்?"

ஏன் இப்படிக் கேட்க வேண்டும் என்பதை நம்ம பக்கத்து உதாரணம் ஒன்றை வைத்தே பார்க்கலாம். கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் படிக்கிறதோடு விடாமல் கூடவே போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் நிற்கும்.

நம்ம பெல்ட்டில் பெரிய மோட்டார் எங்கே இருக்கு?

ஏலகிரி மலையிலிருந்து கீழே இறங்கினால் ஒரு பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர். அப்படியே பாலாற்றோடு போனால் பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. மொத்தமும் தோல் தொழில் நடக்கும் ஊர்கள். டேனரிக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ராஜா டிரம்தான். ஒரு ஆள் உயரத்தைவிடப் பெரிய மர டிரம்முக்குள் தோல், தண்ணீர், சுண்ணாம்பு, பிறகு குரோம் உப்பு என்று போட்டுச் சுற்ற விடுவார்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1,480 சுற்று சுற்றினாலும், பெல்ட்டும் கியரும் அதைக் குறைத்து டிரம்மை நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான் சுற்ற விடும்.

இன்னொரு பெரிய மோட்டார் கூட்டம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கும். சுற்றுச்சூழல் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வரும். சுத்திகரிப்பு வசதி இல்லாமல் டேனரி ஓடக்கூடாது என்ற நிலை அதற்குப் பிறகு இறுகியது. வாணியம்பாடி, ராணிப்பேட்டை போன்ற இடங்களில் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஏரேட்டர், புளோயர், பம்ப் எல்லாம் இரவு பகலாக ஓடுகின்றன. ஏரேட்டர் நின்றால் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. ஆகவே இங்கே ஒரு மோட்டார் ட்ரிப் ஆவது சின்ன விஷயம் இல்லை. அதே காரணத்தால்தான் "எப்படியாவது ஓட்டுப்பா" என்ற குரலும் இங்கே பலமாகக் கேட்கும். அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வது என்பதும் நம்ம பாடத்தில் ஒரு பகுதி.

நம்ம உதாரணம் ஒரு டிரம் மோட்டார். 37 கிலோவாட், அதாவது 50 ஹெச்பி. 415 வோல்ட், 3 ஃபேஸ், 50 ஹெர்ட்ஸ். மெயின் பேனலிலிருந்து ஸ்டார்ட்டர் பேனல் வரை 120 மீட்டர் தூரம். கேபிள், டிரேயில் இன்னும் ஐந்து கேபிள்களோடு ஒட்டிப் போகிறது. டிரேக்கு மேலே சிமென்ட் ஷீட் கூரை.

முதல் கணக்கு: மோட்டார் எவ்வளவு இழுக்கும்?

மின்னோட்டம் = வாட் ÷ (√3 × வோல்ட் × பவர் ஃபேக்டர் × எஃபிஷியன்சி)

பவர் ஃபேக்டர் 0.86, எஃபிஷியன்சி 0.93 என்று எடுத்தால்:

37,000 ÷ (1.732 × 415 × 0.86 × 0.93) = சுமார் 64 ஆம்பியர்.

இங்கே பலர் விடும் தப்பு, எஃபிஷியன்சியை மறப்பது. நேம் பிளேட்டில் உள்ள 37 கிலோவாட் என்பது ஷாஃப்ட்டில் வெளியே வரும் பவர், உள்ளே போகும் பவர் இல்லை. நிஜ வேலையில் நேம் பிளேட்டிலேயே ஆம்பியர் அடித்திருக்கும். அதையே எடுக்க வேண்டும். கணக்கு என்பது மோட்டார் இன்னும் வந்து சேராத டிசைன் நேரத்துக்கு.

ஏலகிரி மேலே ஒரு கேபிள், ஆம்பூரில் ஒரு கேபிள்

இப்போது அட்டவணைக்குப் போகலாம். அலுமினியம், ஆர்மர் போட்ட பிவிசி கேபிள், 35 சதுர மில்லிமீட்டர். காற்றில் போட்டால் 86 ஆம்பியர் என்று இருக்கும். 86 என்பது 64-ஐவிடப் பெரியது. ஓகே, முடிந்தது என்று பேனாவை மூடத் தோன்றும்.

மூடாதீர்கள். அட்டவணைக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: சுற்றுப்புற வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ், கேபிள் தனியாக. அந்த 86-க்குப் பின்னால் இருக்கும் நிபந்தனை அதுதான்.

கேபிள் ஏன் ஒரு அளவுக்கு மேல் தாங்காது? கம்பி உருகுவதால் இல்லை, மேலே இருக்கும் இன்சுலேஷனால். சாதாரண பிவிசி தொடர்ந்து தாங்கும் கண்டக்டர் வெப்பநிலை 70 டிகிரி. எக்ஸ்எல்பிஇ தாங்குவது 90 டிகிரி. 40 டிகிரி காற்றில் பிவிசிக்குச் சூடேற இருக்கும் இடம் 70 − 40 = 30 டிகிரி. கேபிளில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே வேறு வெப்பநிலைக்குத் திருத்தக் காரணி இப்படி வரும்:

காரணி = √[(70 − சுற்றுப்புற வெப்பநிலை) ÷ (70 − 40)]

டீரேட்டிங் அட்டவணையை மனப்பாடம் பண்ண வேண்டாம். இந்த ஒரு வரி தெரிந்தால் நாமே போட்டுக்கொள்ளலாம்.

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். மேலே நிழலில் 30 டிகிரி என்று வையுங்கள். காரணி √(40 ÷ 30) = 1.155. நம்ம 86 ஆம்பியர் கேபிள் அங்கே 99 ஆம்பியர் தாங்கும். (மோட்டாருக்கும் ஒரு உயர நிபந்தனை உண்டு. 1,000 மீட்டர் வரைக்கும்தான் நேம் பிளேட் ரேட்டிங். அதற்கு மேலே காற்று மெலிசு என்பதால் குளிர்ச்சி குறையும். ஆனால் மலையில் காற்று குளிராகவும் இருப்பதால் ஏலகிரி உயரத்தில் அது பெரிய தொல்லை இல்லை.)

அதே கேபிளை 14 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கீழே கொண்டுவாருங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் பக்கம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும். சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் ஓடும் டிரேயில் 50 டிகிரி என்று எடுப்பது ஒன்றும் மிகையில்லை. காரணி √(20 ÷ 30) = 0.816. இப்போது அதே கேபிள் 70 ஆம்பியர்.

மலைக்கு மேலே 99, கீழே 70. கேபிள் ஒன்றேதான்.

கூட்டத்தில் மூச்சு முட்டும்

இன்னும் முடியவில்லை. நம்ம கேபிள் தனியாகப் போகவில்லை. மொத்தம் ஆறு கேபிள் ஒட்டிப் போகின்றன. ஒன்றின் சூடு இன்னொன்றின் மேல். ஓட்டை போட்ட டிரேயில் ஒரே வரிசையில் ஆறு மல்டிகோர் கேபிள் என்றால் கூட்டக் காரணி சுமார் 0.76.

70 × 0.76 = 53 ஆம்பியர்.

மோட்டார் கேட்பது 64. அட்டவணையில் 86 என்று பாஸ் ஆன கேபிள் ஷெட்டுக்குள் ஃபெயில்.

இதில் மோசமான விஷயம் என்ன தெரியுமா? இந்தக் கேபிளைப் போட்டு மோட்டாரை ஓட்டினால் இன்றைக்கு ஒன்றுமே ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 53 ஆம்பியரில் 20 டிகிரி சூடேறும் கேபிள், 64 ஆம்பியரில் 20 × (64 ÷ 53)² = சுமார் 29 டிகிரி ஏறும். 50 + 29 = 79 டிகிரி. அனுமதி 70. ஒன்பது டிகிரிதான் கூட. புகை வராது, நாற்றம் வராது. இன்சுலேஷன் விஷயத்தில் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு: ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. அதாவது இருபது வருஷம் வர வேண்டிய கேபிள் பத்து வருஷத்திலேயே விறைத்து, வெடிப்பு விட்டுவிடும். "நான் போட்டப்ப நல்லாத்தானே ஓடுச்சு" என்ற வாக்கியம் இப்படித்தான் பிறக்கிறது.

மாற்று என்ன? அதே 35 சதுர மில்லிமீட்டரில் எக்ஸ்எல்பிஇ எடுக்கலாம். காற்றில் 40 டிகிரிக்கு சுமார் 117 ஆம்பியர். இதன் அனுமதி 90 டிகிரி என்பதால் வெப்பக் காரணி √(40 ÷ 50) = 0.894.

117 × 0.894 × 0.76 = சுமார் 79 ஆம்பியர்.

64-க்கு 79 போதும். பிவிசியிலேயே போக வேண்டுமென்றால் சைஸைக் கூட்டணும். 50 சதுர மில்லிமீட்டர் பிவிசிக்கு அட்டவணை 105, திருத்தினால் 65. நூலிழையில் பாஸ். அடுத்த வருஷம் யாராவது அதே டிரேயில் இன்னும் இரண்டு கேபிளை இழுத்தால் அதுவும் போச்சு. டிரேயில் இடம் இருக்கிறது என்பதற்காகக் கேபிள் சேர்த்துக்கொண்டே போகக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். புதுக் கேபிள் வரும்போது பழைய கேபிள்களின் தாங்கும் திறனும் குறைகிறது.

தூரம்: 120 மீட்டர் கணக்கு

சூடு ஒரு பரீட்சை. வோல்டேஜ் டிராப் இன்னொரு பரீட்சை. இரண்டிலும் தனித்தனியாகப் பாஸ் ஆகணும்.

35 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.868 ஓம், 90 டிகிரியில் சுமார் 1.11 ஓம். ரியாக்டன்ஸ் சுமார் 0.08 ஓம்.

டிராப் = √3 × 64 × 0.12 × (1.11 × 0.86 + 0.08 × 0.51) = சுமார் 13 வோல்ட்.

415-ல் இது 3.2 சதவீதம். மோட்டார் ஓடும்போது மொத்தமாக 5 சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம். பாஸ்.

ஸ்டார்ட் ஆகும்போது? நேரடியாக லைனில் போட்டால் ஆறு மடங்கு, அதாவது 384 ஆம்பியர். அப்போது பவர் ஃபேக்டர் 0.3 அளவுக்குத்தான் இருக்கும். அதே சூத்திரத்தில் போட்டால் கேபிளில் மட்டும் 33 வோல்ட், சுமார் 8 சதவீதம் போய்விடும். மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றும். 0.92-ன் வர்க்கம் 0.85. அதாவது 15 சதவீதம் டார்க் கேபிளிலேயே காலி. டிரம்முக்கு இது முக்கியம். நின்றுகொண்டிருக்கும் டிரம்மில் ஈரத் தோல் முழுக்க அடியில் படிந்து கிடக்கும். முதல் அசைவிலேயே அந்தப் பாரத்தைப் பக்கவாட்டில் தூக்கணும். ஃபேன் மாதிரி சும்மா சுற்ற ஆரம்பிக்கிற லோடு இல்லை இது.

யார் யாரைக் காப்பாத்தறாங்க?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பேனலில் இருக்கும் ஒவ்வொரு பாதுகாப்புச் சாதனத்துக்கும் ஒரு வேலைதான். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

எம்சிசிபி: ஷார்ட் சர்க்யூட்டில் கேபிளைக் காப்பாற்ற. கேபிள் ஆரம்பிக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஓவர்லோடு ரிலே: நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் மின்னோட்டத்திலிருந்து மோட்டாரைக் காப்பாற்ற. நடுவில் கிளை இல்லாவிட்டால், இது கேபிளின் கடைசியில் ஸ்டார்ட்டரில் இருந்தாலும் கேபிளையும் ஓவர்லோடிலிருந்து காக்கும். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தானே.

எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு: ஆளைக் காப்பாற்ற.

விதி இதுதான்: மோட்டார் மின்னோட்டம் ≤ ரிலே செட்டிங் ≤ திருத்திய பிறகு கேபிள் தாங்கும் மின்னோட்டம். நமக்கு 64 ≤ 64 ≤ 79. சரி.

எம்சிசிபி 100 ஆம்பியர் போடுகிறோம். காந்த ட்ரிப் பத்து மடங்கு, 1,000 ஆம்பியர். ஸ்டார்ட்டிங் மின்னோட்டத்துக்கு இது ட்ரிப் ஆகாது. ஷார்ட் சர்க்யூட்டில் கேபிள் பிழைக்குமா என்று பார்க்க, எக்ஸ்எல்பிஇ அலுமினியத்துக்கு மாறிலி 94. மெயின் பேனலில் ஃபால்ட் மின்னோட்டம் 10 கிலோஆம்பியர் என்று வைத்தால், கேபிள் தாங்கும் நேரம் (94 × 35 ÷ 10,000)² = 0.108 விநாடி. எம்சிசிபி அதற்குள் பல முறை திறந்துவிடும். காந்த ட்ரிப்புக்குச் சில பத்து மில்லிவிநாடி போதும். பாஸ்.

0.58 என்ற நம்பரை மறக்காதீங்க

37 கிலோவாட்டை நேரடியாக லைனில் போட மாட்டார்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வரும். ஸ்டாரில் லைன் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு. டார்க்கும் மூன்றில் ஒரு பங்கு.

இங்கே ரிலே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கணும். லைனில் இருந்தால் செட்டிங் 64. மெயின் காண்டாக்டருக்குக் கீழே, வைண்டிங்குக்குப் போகும் வழியில் இருந்தால் அது பார்ப்பது ஃபேஸ் மின்னோட்டம். 64 × 0.58 = 37 ஆம்பியர்தான் செட்டிங். பெரும்பாலான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே இரண்டாவது இடத்தில்தான் இருக்கும்.

நேம் பிளேட்டில் 64 என்று பார்த்து, வைண்டிங் வழியில் இருக்கும் ரிலேயை 64-ல் வைத்தால் என்ன ஆகும்? லைனில் 64 × 1.732 = 111 ஆம்பியர் போகும் வரை ரிலே கண்டுகொள்ளாது. 64 ஆம்பியர் மோட்டாருக்கு 111 ஆம்பியரில் காவல். ரிலே இருக்கிறது, செட்டிங் நேம் பிளேட்டோடு ஒத்துப்போகிறது, இன்ஸ்பெக்ஷனில் டிக் அடித்தாயிற்று, ஆனால் பாதுகாப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

"அடிக்கடி ட்ரிப் ஆவுது, டயலை ஏத்து"

டிரம்மை ஒரே பக்கமாகச் சுற்ற விடுவதில்லை. முன்னே, பின்னே என்று மாற்றுவார்கள், நடுவில் நிறுத்தி ஒரு தோலை எடுத்துப் பார்ப்பார்கள், திரும்ப ஓட்டுவார்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டாரும் சூடாகிறது, ரிலேக்குள் இருக்கும் பை-மெட்டலும் சூடாகிறது. சூடான ரிலே சீக்கிரம் ட்ரிப் ஆகும். அது கோளாறு இல்லை. மோட்டாரும் அதே மாதிரி சூடாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறது.

லோடு உள்ளே கிடக்கிறது, சுற்றாமல் விட்டால் தோலில் கறை விழும், சூப்பர்வைசர் நிற்கிறார். அந்த நேரத்தில் ஸ்க்ரூடிரைவர் எடுத்து டயலை 80-க்கு ஏற்றுவது ரொம்ப சுலபம். ரிலேயின் கண்ட்ரோல் காண்டாக்டை ஒரு துண்டு ஒயரில் ஷார்ட் பண்ணுவது அதைவிடச் சுலபம். ஒயர்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேறு வழியை டிசைன் பண்ணினவர் கொடுக்கவில்லை.

80-க்கு ஏற்றினால் நடப்பது: (80 ÷ 64)² = 1.56. வைண்டிங்கில் 56 சதவீதம் கூடுதல் சூட்டை ரிலே அனுமதிக்கிறது. நாம் முதலில் பார்த்த பிவிசி கேபிளாக இருந்தால் சூடு ஏற்றம் 20 × (80 ÷ 53)² = சுமார் 46 டிகிரி. 50 + 46 = 96 டிகிரி. 70 டிகிரி பிவிசியில்! டயலின் ஒரு சின்னத் திருப்பல் மோட்டாரை மட்டும் இல்லை, டிரேயில் பக்கத்தில் படுத்திருக்கும் ஐந்து கேபிளையும் சேர்த்துக் காய்ச்சும்.

சரியான வழி ட்ரிப் கிளாஸ் பார்ப்பது. ஐஈசி 60947-4-1 படி, செட்டிங்கைப்போல 7.2 மடங்கு மின்னோட்டத்தில், ஆறிய நிலையிலிருந்து:

கிளாஸ் 10: 4 முதல் 10 விநாடிக்குள் ட்ரிப்.
கிளாஸ் 20: 6 முதல் 20 விநாடிக்குள்.
கிளாஸ் 30: 9 முதல் 30 விநாடிக்குள்.

கனமான ஸ்டார்ட் என்றால் கிளாஸ் 20 எடுங்கள், மோட்டார் அந்த நேரத்தைத் தாங்குமா என்று மோட்டார் கம்பெனி தரும் விவரத்தில் பார்த்துவிட்டு. செட்டிங் அதே 64 (அல்லது 37). கிளாஸ் என்பது எவ்வளவு பொறுமை. டயல் என்பது எவ்வளவு மின்னோட்டம். பொறுமை போதவில்லை என்றால் டயலைத் தொடக்கூடாது.

ஸ்டாரில் டார்க் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் நிரம்பிய டிரம் கிளம்பவே மாட்டேன் என்று அடம் பிடித்தால், ரிலேயை எவ்வளவு மாற்றினாலும் தீராது. அங்கே ஃப்ளூயிட் கப்ளிங்கோ விஎஃப்டியோ யோசிக்கணும். விஎஃப்டி போட்டால் டிரம்மின் வேகத்தையும் இஷ்டப்படி மாற்றலாம். ஆனால் வேகம் குறையும்போது மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றும். நீண்ட நேரம் குறைந்த வேகத்தில் முழு லோடு ஓடணும் என்றால் தனி ஃபேன் வேண்டும்.

ரிலே பார்க்காத சூடு

ரிலே மின்னோட்டத்தைத்தான் பார்க்கிறது, சூட்டை ஊகிக்கிறது. ஃபேன் மூடியில் தோல் தூசியும் சுண்ணாம்பும் அடைத்துக்கொண்டால் மின்னோட்டம் அதே 64, ஆனால் மோட்டார் வேகும். வைண்டிங்குக்குள் தெர்மிஸ்டர் இருந்தால்தான் இது தெரியும். புது மோட்டார் வாங்கும்போது கேட்டு வாங்குவது செலவே இல்லை. எரிந்த பிறகு காயில் கட்டுவதுதான் செலவு.

சிங்கிள் ஃபேசிங்கும் அப்படித்தான். டெல்டாவில் ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போய்விட்டால், மீதி லைன் மின்னோட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வைண்டிங்கில் போகும். லைனில் 64 இருந்தால் அந்த வைண்டிங்கில் 43 ஆம்பியர். அதன் அளவு 37. லைனில் இருக்கும் ரிலேக்கு 64 என்பது சரியான நம்பர். வைண்டிங்குக்கோ சுமார் 33 சதவீதம் கூடுதல் சூடு. அதனால்தான் ஃபேஸ் போனால் தனியாக உணரும் வசதியுள்ள ரிலே வாங்கச் சொல்கிறார்கள்.

டேனரிக்கு என்றே இன்னொரு தொல்லை உண்டு. தோலைக் கெடாமல் வைக்கும் உப்பு, சுண்ணாம்பு வேலையில் சேர்க்கும் சோடியம் சல்ஃபைடு, அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. செம்பையும் வெள்ளி காண்டாக்டையும் இது கருக்கும். கருத்த இணைப்பில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடு கூடும், இன்னும் கருக்கும். கேபிள் சரியாக இருந்தும் லக் எரிந்து போவது இப்படித்தான். அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் பிடிக்கும்போது பை-மெட்டல் லக், சரியான கிரிம்ப், சரியான கிளாண்ட், நல்ல ஐபி மதிப்புள்ள பெட்டி, ஸ்டார்ட்டரை ஈரமான இடத்திலிருந்து தள்ளி வைப்பது, இதெல்லாம் கணக்கில் வராத சைஸிங்.

ஆளைக் காப்பது வேறு கணக்கு

டேனரித் தரை எப்போதும் ஈரம். உப்புத் தண்ணீர் வேறு. டிரம் மோட்டாரின் உள்ளே ஒரு ஃபேஸ் பாடியைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். ரிட்டர்ன் வழி கேபிளின் இரும்பு ஆர்மர் மட்டும்தான். ஃபேஸ் கம்பி 0.1 ஓம், ஆர்மர் 0.3 ஓம், மொத்த லூப் 0.4 ஓம் என்று ஒரு உதாரணம்.

ஃபால்ட் மின்னோட்டம் = 240 ÷ 0.4 = 600 ஆம்பியர். எம்சிசிபியின் காந்த ட்ரிப் 1,000. உடனே திறக்காது, தெர்மல் பகுதி விநாடிக் கணக்கில் யோசிக்கும். அதுவரை மோட்டார் பாடியில் 600 × 0.3 = 180 வோல்ட். வெறுங்காலோடு தொட்டவருக்கு அந்த விநாடிகள் போதும்.

64-ல் செட் பண்ணிய ஓவர்லோடு ரிலே இங்கே யாரையும் காப்பாற்றாது. ஆர்மரோடு சேர்த்துத் தனி எர்த் பட்டை இழுப்பது, மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு (இது விதிமுறையே), எர்த் ஃபால்ட் ரிலே அல்லது எர்த் லீக்கேஜ் பிரேக்கர், இவைதான் காப்பாற்றும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கான பிளக்கில் 30 மில்லிஆம்பியர் வகை கட்டாயம் இருக்கட்டும்.

சைட்டில் போய் நின்றால் இந்த வரிசை

1. நேம் பிளேட் ஆம்பியர் எடு.
2. கேபிள் போகும் வழியிலேயே ரொம்பச் சூடான இடத்தின் வெப்பநிலையை எடு. ஒரு மீட்டர் தூரம்தான் சூடு என்றாலும் அந்த ஒரு மீட்டர்தான் தீர்மானிக்கும்.
3. கூட எத்தனை கேபிள் போகிறது என்று எண்ணு.
4. இரண்டு காரணியாலும் பெருக்கு. அப்புறம் ஒப்பிடு.
5. ஓடும்போதும் ஸ்டார்ட்டிலும் வோல்டேஜ் டிராப் பார்.
6. ஷார்ட் சர்க்யூட் தாங்குமா பார்.
7. ரிலே லைனிலா, வைண்டிங்கிலா? 0.58 வேண்டுமா?
8. எர்த் லூப் கணக்குப் போடு.
9. மோட்டார் முழு லோடில் ஓடும்போது டாங் டெஸ்டரை மூன்று ஃபேஸிலும் மாட்டிப் பார். செட்டிங்கை எழுதிப் பேனல் கதவிலேயே ஒட்டு. அடுத்து வருபவருக்கு அசல் நம்பர் தெரியணும். இல்லாவிட்டால் ஏற்றி வைத்த 80-ஐத்தான் அவர் அசல் என்று நினைப்பார்.

நீங்களே போட்டுப் பாருங்க

சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு 22 கிலோவாட் பம்ப். நேம் பிளேட் 39 ஆம்பியர். டிரேயில் 45 டிகிரி, மொத்தம் ஆறு கேபிள். ஸ்டோரில் 16 சதுர மில்லிமீட்டர் அலுமினிய பிவிசி சும்மா கிடக்கிறது. அட்டவணையில் 51 ஆம்பியர். "51 இருக்கே, 39-க்குத் தாராளம், புதுசா எதுக்கு வாங்கணும்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?

விடை: 51 × 0.913 × 0.76 = 35 ஆம்பியர். போதாது. 25 சதுர மில்லிமீட்டர் (அட்டவணையில் 70) போட்டால் 49 ஆம்பியர், போதும். 200 மீட்டர் தூரம் என்றால் வோல்டேஜ் டிராப் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். அதையும் சூத்திரத்தில் போட்டுச் சரிபாருங்கள். (25 சதுர மில்லிமீட்டருக்கு 70 டிகிரியில் கிலோமீட்டருக்கு 1.44 ஓம், பவர் ஃபேக்டர் 0.85.)

"வாங்கிப் போடணும் சார்" என்று சொல்வதற்கு முன்னால் இந்த மூன்று வரிக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் நம்ம பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். கணக்கை மறுக்க அவர்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும்.